சாமிக்குப் போன நந்தியாவட்டை

என் மனைவிக்கு ரோஜாச் செடி ஆகாது. “அது சீக்காளிச் செடிலா,” என்பாள். “பூச்சி விழுதுன்னு மருந்தடிக்கணும், ஒரம் போடணும், வெட்டி விடணும். பக்கத்துலயே ஒரு ஆளு குந்தியிருக்கணும். நான் மரம் வெட்டப் போவனா, அதுக்கு வெசிறி வீசுவனா?” அவளுக்கு வேண்டியது, நட்டுவிட்டுப் போனால் தன் பாட்டுக்கு இருக்கிற செடி. வருடம் பூராவும் இலை பச்சையாக இருக்க வேண்டும், வருடம் பூராவும் பூக்க வேண்டும். நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி, செம்பருத்தி. இவற்றைத் தாண்டி அவள் ஆசைப்பட்டதில்லை. ஆனால் இவற்றில் எத்தனை தினுசு உண்டோ அத்தனையும் தன் வாசலில் இருக்க வேண்டும் என்பாள்.

எழுபதுகளில் நாங்கள் பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இரண்டு பேருக்கும் பால்மரம் வெட்டுகிற வேலை. வேறு தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து என்று போனால், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும், இவள் மட்டும் அந்த வீட்டுக் கொல்லையில் நின்று, “அக்கா, இதுல ஒரு குச்சி ஒடிச்சுக்கவா?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் குச்சி என் விலாவில்தான் குத்தும். பாகான் டத்தோவில் ஒரு சாவு வீட்டுக்குப் போனபோதுகூட அடுக்கு நந்தியாவட்டைக் குச்சி ஒன்றை ஈர வாழைப்பட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். “சாவு வீட்டுல போயி குச்சி ஒடிக்கிறியே, உனக்கு வெவஸ்தையே கெடையாதா?” என்று திட்டினேன். “செத்தவரு வேணாம்னு சொல்லலயே,” என்றாள். பால்மாவு டின்னில் ஓட்டை போட்டு, மண் ரொப்பி, அதில் நட்டு வைத்தாள். அந்தச் செடி பிழைத்துக்கொண்டது.

தோட்டத்தை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. அங்கே என்ன சொர்க்கமா இருந்தது? இருட்டு விலகுவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஓட வேண்டும். வேலையை மேற்பார்க்கிற மண்டோரின் வாயில் காலையிலேயே விழ வேண்டும். வெட்டி, பால் எடுத்து, நிறுத்துவிட்டுத் திரும்பும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த நேரத்துக்கு எந்தப் பூவும் பூவாக இருக்காது, துவண்டு கிடக்கும். போகும்போது இருட்டு, வரும்போது வாடல். ஞாயிற்றுக்கிழமை வெட்டினால் கூடுதல் சம்பளம் என்பார்கள், அதற்கும் போய்விடுவாள். ஆகவே தான் வளர்த்த செடி காலை வெளிச்சத்தில் பூத்து நிற்பதை அவள் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். பெரட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, இருட்டில் கையால் தடவிப் பார்ப்பாள். “இன்னிக்கு நெறைய வெடிச்சிருக்குங்க,” என்பாள். கையாலேயே கணக்குப் போட்டுவிடுவாள்.

“ஒருநா காலையில, ஒரு கோப்பை காப்பிய எடுத்துக்கிட்டு, எங்கயும் போகாம குந்தி இதுங்களப் பாக்கணுங்க,” என்று அடிக்கடி சொல்லுவாள். நகை நட்டு கேட்டவள் இல்லை, சினிமாவுக்குக் கூட்டிப்போ என்று கேட்டவள் இல்லை. அவள் வாய் திறந்து சொன்ன ஆசை இது ஒன்றுதான்.

தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறோம் என்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஈப்போவுக்கு வெளியே தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. லோரியில் சாமான் ஏற்றும்போது அவள் கட்டிலை அப்புறம் ஏற்றச் சொன்னாள். டின் செடிகள்தான் முதலில் ஏறின. லோரிக்காரன் சிரித்தான். “ஏன் அக்கா, வீடு மாறுறீங்களா, காடு மாறுறீங்களா?” என்றான். “நீ வண்டியப் பாத்து ஓட்டு, செடி ஒடிஞ்சா உன்னையும் ஒடிப்பேன்,” என்றாள் இவள். வழி நெடுக அவன் மெதுவாகத்தான் ஓட்டினான்.

நான் ஈயம் தோண்டுகிற லம்பத்தில் சேர்ந்தேன். அவளுக்கு ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. அதற்கும் விடியாத நேரத்தில் கம்பெனி பஸ் வந்துவிடும். தோட்டத்தை விட்டாலும் அந்தக் காலை நேரம் அவளுக்குக் கிடைக்கவில்லை. வீட்டின் முன்னால் கம்பி வேலி ஓரமாக ஒரு சிறு துண்டு மண் இருந்தது. அதில் எல்லாவற்றையும் இறக்கி நட்டாள். வெள்ளை நந்தியாவட்டை இரண்டு, அடுக்கு நந்தியாவட்டை ஒன்று, சிவப்பும் மஞ்சளுமாக இட்லிப்பூ, மூலையில் அரளி, கேட் பக்கம் செம்பருத்தி. ஏழெட்டு வருடத்தில் அத்தனையும் ஆள் உயரத்துக்கு வந்து, வேலிக்கு வெளியேயும் தலையை நீட்டின. தாமானில் எங்கள் வீட்டைப் ‘பூ வீடு’ என்றுதான் அடையாளம் சொல்லுவார்கள்.

தாமான் கோடியில் ஓர் அம்மன் கோயில் வந்தது. முதலில் தகரக் கொட்டகை; பிறகு கமிட்டி, தலைவர், மைக் செட் எல்லாம் வந்தன. காலைப் பூசைக்குப் பூ வேண்டும். எங்கள் வேலியில் இல்லாத பூவா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் நாங்களேதான் கூப்பிட்டுக் கொடுத்தோம். நாங்கள் வேலைக்குப் போய்விடுகிறோம், பூ சும்மா வாடிப்போகிறது, சாமிக்காவது போகட்டுமே என்று இவள்தான் சொன்னாள். எதிர் வீட்டு அக்கா பிளாஸ்டிக் வாளியோடு வர ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பை கொண்டுவந்தார்கள். போகப்போகக் கேட்பதும் நின்றது. விடிவதற்குள் வேலி மொட்டையாகிவிடும். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, பார்க்கத்தான் நாங்கள் வீட்டில் இல்லையே.

எண்பதுகளின் நடுவில் ஈய விலை விழுந்தது. லம்பத்தை மூடினார்கள், நான் வீட்டோடு வந்துவிட்டேன். அதே வருடம் ஒருநாள், வேலையிடத்தில் துடைப்பத்தைப் பிடித்தபடியே இவள் சரிந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியபோது வலது கையும் காலும் அவளோடு வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு குழறும், ஆனால் புத்தியில் ஒரு பழுதும் இல்லை. ஒரே மகள் தெலுக் இந்தானில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாய்த்தபோது வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுப் போவாள். மற்றபடி சமைப்பது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஹாலில் சன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன். தலையணையை உயர்த்தி வைத்தால் வேலி முழுதும் தெரியும்.

பாருங்கள் அந்தக் கூத்தை. ஆயுசு பூராவும் ஏங்கிய காலை நேரம் அவளுக்கு இப்போதுதான் கையில் கிடைத்தது. இனிமேல் பெரட்டும் இல்லை, கம்பெனி பஸ்ஸும் இல்லை. முதல் நாள் விடிந்ததும் நான் காப்பியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டப் போனேன். அவள் வாயைத் திறக்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூ எங்கங்க?” என்றாள்.

“கோயிலுக்குப் பறிச்சிட்டுப் போயிட்டாங்க புள்ள.”

“எல்லாமா?”

எல்லாமும்தான். இலையைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் காப்பியை விழுங்கினாள்.

மறுநாள் நான் முந்திக்கொண்டேன். இருட்டோடு எழுந்து, கைகொள்ளும் அளவு நந்தியாவட்டை பறித்து, ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி அவள் தலைமாட்டில் வைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவளுக்கு வந்ததே கோபம். இடது கையால் கிளாஸைத் தள்ளிவிட்டாள். குழறிக் குழறி அவள் சொன்னதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. “பறிச்ச பூவு எனக்கு எதுக்கு? நான் என்னா சாமியா? இல்ல பொணமா? செடியில பாக்கணுங்க. செடியில.”

நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா கெட்டவள் இல்லை, இதையும் சொல்லியாக வேண்டும். இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சோறு கொடுத்து அனுப்பியவள். விஷயத்தைச் சொன்னேன். “எல்லாச் செடியும் வேணாங்க்கா, சன்னலுக்கு நேரா இருக்கிற அடுக்கு நந்தியாவட்டை ஒன்ன மட்டும் விட்டுருங்க. அவ கண்ணுக்கு ஒரு செடி போதும்.”

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அடுக்கு நந்தியாவட்டைதான் அம்மனுக்கு எடுப்பா இருக்கு. சாமிக்குப் போறத நிறுத்தினா அக்காவுக்கு எப்படிண்ணே சொகமாகும்? நாங்க பறிக்கிறதே அக்கா பேர்லதான். புண்ணியமெல்லாம் உங்களுக்குத்தானே வருது?”

புண்ணியம் எங்களுக்கு, பூ அவர்களுக்கு. நல்ல பங்கு!

அடுத்த வழியை நானே யோசித்தேன். முகர்ந்த பூவைச் சாமிக்குப் போட மாட்டார்கள் இல்லையா? விடியலில் வேலி ஓரம் நின்று ஒவ்வொரு பூவாக மூக்கில் வைத்து உறிஞ்சினேன். தும்மல் வந்ததுதான் மிச்சம். வாளியோடு அக்கா வந்தாள். “எல்லாத்தையும் மோந்துட்டேங்க்கா, இனிமே சாமிக்கு ஆகாது,” என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒசரத்துல இருக்கிறது உங்களுக்கு எட்டியிருக்காதேண்ணே,” என்று சொல்லி, குடைக்கம்பியால் மேல் கிளையை வளைத்துப் பறித்துக்கொண்டாள். கூட வந்த ஒருத்தி, “மோந்தது பாட்டுக்கு மோந்தது, தண்ணியில அலசிட்டாப் போச்சு,” என்றாள். கோணல் வாயோடு சன்னலில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நோயில் விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். என் மானம் போனாலும் பரவாயில்லை என்று இருந்தது.

பக்கத்து வீட்டுச் சீனர் தினமும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, தாரோ அஞ்சிங் லா,” என்றார். நாய் வை என்கிறார். அவரே ஒரு குட்டியும் கொடுத்தார். வளர்ந்ததும் நன்றாகத்தான் குரைத்தது. ஆனால் கோயில்காரர்கள் அதற்குப் பொங்கலும் சுண்டலும் கொண்டுவந்து போட்டுப் பழக்கிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் அது வாளிச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. என் வீட்டில் வளர்ந்த நாய் என்னைவிடப் பக்தியாகிவிட்டது.

கடைசியாகக் கோயில் தலைவரிடம் போனேன். அவர் முன்னாள் தோட்டத்துக் கிராணி, கணக்குப்பிள்ளை. கிராணி வேலை போய்விட்டாலும் கிராணித்தனம் போகவில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேசுவார். நம்மை உட்காரச் சொல்ல மாட்டார். “ஒரே ஒரு செடி, தலைவரே. கொஞ்ச நாளைக்கு. அவளுக்கு இன்னும் எத்தன நாளோ தெரியல,” என்றேன். இப்படி ஒருவரிடம் நான் கெஞ்சியதில்லை. மண்டோரிடம்கூடக் கெஞ்சியதில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். “இங்க பாருங்க, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இன்னிக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு இன்னொருத்தரு தன் வீட்டுப் பூவையும் தொடாதேம்பாரு. அப்புறம் பூசைக்கு நான் எங்க போவேன்? அதோட, வேலிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறது பொதுவுலதானே சேரும்?” என்றார். பொதுவாம்! பாகான் டத்தோவிலிருந்து வாழைப்பட்டையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் உள்ளே கிடக்கிறாள், பூ பொதுவாம்.

அன்று மாலை மோட்டார் சைக்கிளில் பழைய தோட்டத்துக்குக் கிளம்பினேன். லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் செம்பனை. சுடுகாடு மட்டும் ஒரு மேட்டில் பாக்கி இருந்தது. அங்கே ஒரு பூச்செடி நட யாரும் தேவையில்லாமல் தானே மண்டிக் கிடக்கும். முழங்கால் உயரம், பச்சை மாறாத இலை, வெள்ளையில் ஐந்து இதழ், நடுவில் சிவப்புப் பொட்டு. மழையா வெயிலா என்று பார்க்காது, ஒரு நாள்கூடப் பூக்காமல் இருக்காது. இவள் ஆசைப்படுகிற எல்லாக் குணமும் அதற்கு இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் அதைச் சுடுகாட்டுப் பூ என்பார்கள். சாமிக்குப் போட மாட்டார்கள், தலையில் வைக்க மாட்டார்கள், வீட்டு வாசலிலும் நட மாட்டார்கள். எனக்கு வேண்டியது அதுதான். வேரோடு பிடுங்கி, கோணிச் சாக்கில் நிரப்பி, மோட்டாருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன்.

சன்னலுக்கு நேரே, நந்தியாவட்டைக்கு முன்னால், வரிசையாக நட்டேன். இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடையாளம் தெரிந்ததும், “அது சுடுகாட்டுப் பூவுலா?” என்றாள். கோபிப்பாள் என்று பயந்தேன். அவள் யோசித்தாள். பிறகு, “பரவால்ல. அதுவாச்சும் யாரும் தொடமாட்டாங்க,” என்றாள்.

செடி வேர் பிடித்தது. அப்புறம் ஒரு காலை. நான் சன்னலைத் திறந்தேன். இருபது முப்பது பூ வெள்ளை வெளேரென்று நின்றது. எதிர் வீட்டு அக்கா நந்தியாவட்டையை மொட்டை அடித்துவிட்டு, அந்தச் செடிகளை மிதிக்காமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயிருந்தாள். நான் காப்பிக் கோப்பையை எடுத்து இவளுடைய இடது கையிலேயே கொடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. அவளே குடித்தாள். பார்த்துக்கொண்டே குடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதிரிக் காலைகள் கொஞ்ச காலம் கிடைத்தன. இருந்தாலும் ஒருநாள் அவள் சொன்னாள்: “இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் செடி இல்லியே. நான் வெச்சது ஒருநாளாச்சும் பூவோட நிக்கக் கூடாதா?” பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்று சொல்வதைத் தவிர என்னிடம் அப்போது எதுவும் இல்லை.

தாமானில் பேச்சு கிளம்பியது. சீக்காளி இருக்கிற வீட்டில் சுடுகாட்டுப் பூவை நட்டு வைத்திருக்கிறான், இவனே எமனுக்கு வழி காட்டுகிறான் என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள். பெண்டாட்டி எப்போது போவாள் என்று காத்திருக்கிறானோ என்றுகூட ஒருத்தன் கேட்டானாம். அவன் பல்லை உடைத்திருப்பேன், யார் என்று தெரிந்திருந்தால். தலைவர் ஆள் அனுப்பினார்: திருவிழா வருகிறது, சாமி ஊர்வலம் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும், அம்மன் பார்வையில் அந்தச் செடி படக்கூடாது, எடுத்துவிடுங்கள். “அம்மனுக்குப் பிடிக்கலன்னா அம்மனையே வந்து சொல்லச் சொல்லுங்க,” என்று திருப்பி அனுப்பினேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் அவளுக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பும்போது மத்தியானம். கேட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. ஒரு செடி இல்லை. அத்தனையும் பிடுங்கி, மண்ணைக் கிளறி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பிடுங்கியதைக் கால்வாய் ஓரம் குவித்து வைத்திருந்தார்கள். பூக்கள் இன்னும் வாடியிருக்கவில்லை. உள்ளே ஓடினேன். இவள் கண் சிவந்து, தலையணையை விட்டுப் பாதி சரிந்து கிடந்தாள். எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள். கோயில்காரர்கள் சன்னல் பக்கம் கையை ஆட்டி, “ஒன்னுமில்லக்கா, உங்க நல்லதுக்குத்தான் செய்றோம், நீங்க படுங்க,” என்று சொல்லிவிட்டுப் பிடுங்கியிருக்கிறார்கள். அவள் கண் முன்னாலேயே.

கோயிலுக்குப் போய்க் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். தலைவர் மைக்கைக் கீழே வைக்கவே இல்லை. நாலு பேர் என் தோளைப் பிடித்து, “சாமி அலங்காரம் நடக்கிற நேரத்துல சண்ட வேணாண்ணே, போலாம் வாங்க,” என்று வெளியே கொண்டுவந்து விட்டார்கள். உள்ளே அம்மன் கழுத்தில் எங்கள் நந்தியாவட்டை இருந்தது. நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுக்கவைக்கச் சொன்னாள். “கட்டில வேற பக்கம் மாத்திப் போடட்டுமா?” என்று கேட்டேன். “என்னத்தையாவது செய்ங்க,” என்றாள். சோறு குறைந்தது. இன்னொரு தடவை இழுத்தது. மகள் வந்துசேர்ந்த இரண்டாம் நாள், மகள் கையில் தலையை வைத்தபடி போய்விட்டாள். சுடுகாட்டுப் பூதான் கூட்டிப் போனது என்று தாமானில் சொன்னார்கள். சொல்லட்டும். அவளைக் கூட்டிப் போனது எது என்று எனக்குத் தெரியும்.

எடுத்த மறுநாள் காலை. பழக்கத்தில் நேரத்தோடு விழித்துவிட்டேன். வாளிச் சத்தம் கேட்கவில்லை. நாய் கேட் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. வெளிச்சம் வந்ததும் சன்னலைத் திறந்தேன்.

வேலி முழுக்கப் பூ. நந்தியாவட்டை கிளை தெரியாமல் வெடித்திருந்தது. அடுக்கு நந்தியாவட்டை தனியாக, வெள்ளைவெள்ளையாக, கொத்துக் கொத்தாக. அரளி, செம்பருத்தி, ஒன்று பாக்கி இல்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை. மகள்தான் சொன்னாள், “தீட்டு வீடுப்பா. இந்த வீட்டுப் பூவ சாமிக்கு எடுக்க மாட்டாங்க.”

கருமாதி முடிகிற வரைக்கும் ஒரு கைகூட எங்கள் வேலியைத் தொடவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் சாலையின் அந்தப் பக்கமாக நடந்தார்கள். இட்லிப்பூ மொட்டெல்லாம் விரிந்து, நாளுக்கு நாள் கொத்து பெரிதாகி, வேலியே சிவப்பாகிவிட்டது. நேற்றுப் பூத்தது உதிர்வதற்குள் இன்றைக்குப் பூத்தது நிறைந்தது. எத்தனையோ வருடத்தில் அந்தச் செடிகள் இப்படி நின்று நானும் பார்த்ததில்லை. இழவு கேட்க வந்த சொந்தக்காரர்கள்கூட, “என்னா அழகா வெச்சிருக்கு அந்தப் பொண்ணு,” என்றார்கள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். இதைத்தானே அவள் கேட்டாள்? இதை மட்டும்தானே கேட்டாள்?

கருமாதிக்கு மறுநாள் விடியலில் கேட்டுச் சங்கிலி அசைந்தது. போய்ப் பார்த்தேன். எதிர் வீட்டு அக்கா, வாளியோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வருத்தம் காட்டினாள். அது பொய்யான வருத்தமும் இல்லை.

“தீட்டு கழிஞ்சிருச்சில்லண்ணே? இன்னிலேருந்து பறிச்சுக்கலாம்லா?”

“இத்தன நாளா சாமிக்குப் பூவுக்கு என்னா செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“அதுவா? தலைவரு பாசார்லேருந்து வாங்கிப் போட்டாரு. தெனமும் கூடை நெறைய வந்திச்சு. அதுல என்னாண்ணே கஷ்டம்?”

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அப்ப அந்தக் கஷ்டமில்லாத வேலைய அவ கண்ணு தெறந்திருந்தப்ப ஒரு வாரம் செஞ்சிருக்கலாமேக்கா? ஒரே ஒரு வாரம்?”

அக்கா வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“அப்ப உங்க வீட்டுல தீட்டு இல்லியேண்ணே,” என்றாள்.